சொந்த வார்த்தை ஃபவுல்

அல்வாலில் ஒரு வீட்டில் போன மாதம் நான் தபால்காரனாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. அனுப்புநர் ஹாலில், பெறுநர் சமையலறையில், நடுவே ஒரு சாப்பாட்டு மேஜை. கடிதம் கிடையாது. எல்லாம் வாய்வழித் தபால்.

நான் ஹைதராபாத் போனது இதற்காக அல்ல. மதுரையில் விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊறுகாய், பனியன், கவரிங் நகை எது வந்தாலும் எழுதுவேன். "நம்பி வாங்கலாம்" என்பதை எத்தனை விதமாகத் திருப்பிப் போடலாமோ அத்தனையும் போட்டுவிட்டேன். ஒன்றும் ஓடாத நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். கண்ணில் படும் போர்டு வாசகங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி இரண்டை எடுத்து ஒட்டிப் பார்ப்பேன். ஒருமுறை "கட்டணக் கழிப்பிடம்" என்பதும் "குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்கவும்" என்பதும் சேர்ந்து வந்தன. சிரித்து முடித்தபோது பனியனுக்கு வாசகம் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. சிரிப்புக்கும் பனியனுக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் டிபன் பாக்ஸ் தேவைப்படாது.

இந்த வித்தையை என் கோவில்பட்டிப் பள்ளித் தோழன் செல்லதுரையிடம் போனில் அளந்தது தப்பாகப் போயிற்று. அவன் செகந்திராபாத் பக்கம் இருபது வருடமாக கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அங்கே ஒரு தமிழ் மன்றம். அதன் செயலாளர் அவன் மனைவி கல்யாணி. "ஏலே, ஒரு ஞாயித்துக்கிழம வந்து எங்க ஆளுகளுக்கு அந்த டப்பா வித்தையச் சொல்லிக் குடு" என்றான். எங்கள் தெருவில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. வெளிமாநிலத்தில் கேட்கிறார்கள் என்றால் விடுவேனா?

வெள்ளிக்கிழமை செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் "அல்வால்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து உருதுவில் ஒன்று சொன்னார். பக்கத்தில் நின்ற புண்ணியவான் தமிழாக்கம் செய்தார்: "அல்வால்ல எங்கன்னு கேக்குறாரு. பேரச் சொன்னதும் கொண்டுபோய் விட அது என்ன உங்க மாமனார் வீடான்னு கேக்குறாரு." போனில் செல்லதுரையைக் கூப்பிட்டு ஆட்டோக்காரரிடமே கொடுத்தேன். இருவரும் என்னைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

வழியெல்லாம் தெலுங்கு போர்டுகள். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் பார்க்கத் தெம்பாக இருந்தது. பாதிக்கு மேற்பட்ட எழுத்துகளின் தலையில் ஒரு டிக் மார்க். பள்ளியில் என் பரீட்சைத் தாளில் நான் ஆசைப்பட்டதெல்லாம் இங்கே தெருவெங்கும் இருந்தது.

செல்லதுரை வாசலிலேயே கட்டிப்பிடித்தான். கல்யாணி உள்ளேயிருந்து, "வாங்க அண்ணா, ட்ரெயின்ல சாப்பாடு ஒழுங்கா இருந்துச்சா?" என்றாள். அவள் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவள். பட்டாள வேலைக்கு வந்து தங்கிய முப்பாட்டன் காலத்துக் குடும்பம். அவள் தமிழில் தெலுங்கும் உருதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரும்; வேண்டாம் என்பது "நக்கோ", ஆமாம் என்பது "ஹவ்", எதற்கு என்பது "கைக்கு".

இலை போடாத குறையாக மேஜையில் எல்லாம் வந்தது. செல்லதுரை அதே மேஜையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, அவர்ட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லுங்க" என்றாள் கல்யாணி.

நான் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"வாரேன்னு சொல்லு" என்றான் செல்லதுரை, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

சாம்பாரில் கோங்குரா, அதாவது புளிச்சக்கீரை, கலந்திருந்தது. நம் ஊர் சாம்பாருக்கு ஆந்திரத்தில் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுப் பழக்கம் வந்துவிட்ட மாதிரி ஒரு ருசி. செல்லதுரை ஒரு வாய் வைத்துவிட்டு என்னிடம், "உப்பு கம்மின்னு சொல்லு" என்றான்.

தொழில் புத்தி போகுமா? "சாம்பார் பிரமாதமாம் கல்யாணி. உப்பு மட்டும் இன்னும் ஒரு சிட்டிகை சேர்ந்தால் ஊரே பேசுமாம்" என்றேன்.

"அண்ணா, அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க. நீங்க விளம்பரம் போடாதீங்க."

அன்று சாயங்காலம் செல்லதுரை என்னை ஓர் இரானி டீக்கடைக்குக் கூட்டிப் போனான். டீ, அல்வாவாக மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பதத்தில் இருந்தது. உஸ்மானியா பிஸ்கட்டை அதில் முக்கினேன். பாதி உள்ளேயே விழுந்து மூழ்கியது. கரண்டி கேட்டேன். கடைக்காரர் என்னை மதராஸி என்று கண்டுபிடித்துவிட்டார்.

"என்னல நடக்கு உங்க வீட்டுல?"

"பத்துப் பன்னெண்டு நாளா இப்படித்தாம்ல. மெட்ராஸ்ல ஒரு வேல வந்துச்சு. சரின்னுட்டேன். திங்கக்கிழம ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும்."

"அவகிட்ட எப்பச் சொன்ன?"

அவன் மூழ்கிய என் பிஸ்கட்டைப் பார்த்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தெரிஞ்சிபோச்சி."

தெரிந்த விதம்தான் கேவலம். மன்றத் தலைவர் ரங்கநாதன், தார்நாகாவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற விஞ்ஞானி. செல்லதுரை முதலில் அவரிடம் சொல்லியிருக்கிறான். ஊரை விட்டுப் போகும் உறுப்பினருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பது மன்றத்து வழக்கம். அவர் கல்யாணிக்கே போன் போட்டு, "உங்க வீட்டு ஹால் என்ன கலர்மா? மேட்சா ஒரு கடிகாரம் வாங்கணும்" என்று கேட்டுவிட்டார்.

"ஏண்டே, கட்டினவகிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"இதுல கேக்க என்னல இருக்கு? பொண்ணு வாரங்கல்ல ஹாஸ்டல்ல கெடக்கா. நாங்க ரெண்டு பேரும் நம்ம ஊருக்குத் திரும்பிப் போறோம். சந்தோசமான விசயம்தான?"

மன்றத்தில் அவனைப் போல வேலைக்கு வந்த ஆண்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு என்று பிறகு தெரிந்தது. ரயில் தெற்கே திரும்பினால் வீட்டில் எல்லோருக்கும் அது ஊர் திரும்புவது என்று தாங்களாகவே முடிவுகட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை வாசகம் பொறுக்கக் கிளம்பினோம். பஸ் வந்ததும் நம் ஊர் ஞாபகத்தில் முன்படியில் தாவினேன். உள்ளே இருந்தது மகளிர் மாநாடு. அதன் தலைவி போல ஒரு பெண்மணி சொன்னதைப் பின்னாலிருந்து செல்லதுரை மொழிபெயர்த்தான்: "இவரு எந்தப் பொண்ணுக்குத் தொணைக்கு வந்திருக்காருன்னு கேக்காங்கலே." இறங்கி ஓடிப் பின்படியில் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. செல்லதுரை உள்ளே, நான் ரோட்டில். அடுத்த நிறுத்தம்வரை ஓடினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆட்டோ பிடித்தேன்.

இருபது வருடத்தில் செல்லதுரை தெலுங்கு படிக்கக் கற்றிருந்தான், இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி. அவன் வாசிக்க, நான் தமிழில் எழுத, சீட்டுகள் சேர்ந்தன. ஒரு பங்களா கேட்டில்: "இங்கே நிறுத்தினால் டயர் காற்று பிடுங்கப்படும்." தோண்டிப் போட்ட ரோட்டோரம்: "பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்." இட்லி வண்டியில்: "நிறைகளைப் பிறரிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள்." அந்த வண்டியில் தேங்காய்ச் சட்னி இல்லை, வேர்க்கடலைச் சட்னி. தோசைக்குள் மசாலாவுக்குப் பதிலாக உப்புமாவை வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். உப்புமாவிடமிருந்து தப்பிக்கத்தான் மனிதன் தோசைக்கே போகிறான். அதற்குள்ளும் ஒளிந்திருந்து பிடித்தால் எங்கே போவது? குறையை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

தார்நாகாவில் ரங்கநாதன் சாரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை விளக்கினேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தன் கையிலிருந்து ஒரு வாசகத்தைப் போட்டால், மற்றவர் தன் கையில் இருப்பதில் ஒன்றைப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். அது ஓர் உரையாடலாக வளர வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

"ஜெயிக்கிறது யாரு?" என்றார்.

"ஜெயிக்கிறதெல்லாம் இல்ல சார். கற்பனையைத் தட்டி எழுப்புறதுதான்."

"எங்க ஆளுங்களோட கற்பனைய எழுப்பணும்னா பரிசு வேணும். நாப்பது வருஷமா மாசாமாசம் தம்போலால நம்பர் கூப்பிடக் கூப்பிடச் சீட்டுல அடிச்சுப் பரிசு வாங்குறவங்க." செல்லதுரை வெளியே போன் பேசப் போன சமயம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, மேஜைக்கடியில் இருந்த பெரிய பார்சலைக் காட்டினார். "கடிகாரம். மெரூன் கலர். அவர்ட்ட சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸ்."

அந்த வீட்டில் இனி ஒரு சர்ப்ரைஸ் தாங்காது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். தபால்காரன் சொந்தக் கருத்துச் சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் கல்யாணியின் முறை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துப் போலாரம் கூட்டிப் போனாள். பழைய பங்களாக்களும் மரங்களும் ராணுவ மதில்களும் கடந்துபோய்க்கொண்டிருந்தன. மதிலில் இருந்த "அனுமதியின்றி உள்ளே நுழையாதீர்" என்பதை எழுதிக்கொள்ள வண்டியை நிறுத்தச் சொன்னேன். நான் சீட்டும் பேனாவுமாக மதிலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் காவலுக்கு நின்ற சிப்பாய் ரசிக்கவில்லை. கல்யாணி இறங்கி ஏதோ இரண்டு வாக்கியம் பேசினாள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"என்னம்மா சொன்ன?"

"எங்க அண்ணாக்கு போர்டு படிக்கிற வியாதி, டாக்டர்ட்ட கூட்டிப் போறேன்னு சொன்னேன்."

அவள் படித்த பள்ளி, இப்போது அவளே பாடம் நடத்தும் பள்ளி, இரண்டும் ஒன்றுதான். அதன் எதிரே ஒரு பேக்கரி. தில்குஷ் வாங்கிக் கொடுத்தாள். தேங்காய்ப் பூவும் டூட்டி ஃப்ரூட்டியும் அடைத்த ரொட்டி. கடைச் சுவரில் மங்கிய ஆங்கில எழுத்தில் ஒரு போர்டு. தமிழில் எழுதிக்கொண்டேன்: "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது."

கல்யாணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்:

"அவரு 'நம்ம ஊரு, நம்ம ஊரு'ங்கிறார் அண்ணா. எது நம்ம ஊரு? மெட்ராஸ்ல எனக்கு ஒரு தெரு தெரியாது. கோவில்பட்டிக்குப் போனா அவரு அத்தைங்க என் தமிழக் கேட்டுச் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும், நக்கோன்னு சொல்லல. போக மாட்டேன்னும் சொல்லல. வா போலாமான்னு என்னக் கேக்கவே இல்ல. கடிகாரம் கேட்டுச்சு, அவரு கேக்கல."

"நான் போய்ச் சொல்லவா?"

"நக்கோ அண்ணா. இத தபால்ல அனுப்ப முடியாது."

திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து ஸ்கூட்டர் நின்றது. தள்ளினேன். அவள் ஹேண்டிலைப் பிடித்தபடி நடந்துகொண்டே போகிற வருகிறவர்களிடமெல்லாம் நலம் விசாரித்தாள். தெலுங்கில், இந்தியில், உருதுவில், நடுநடுவே தமிழில். மதுரையில் நான் குடியிருக்கும் தெருவில் இத்தனை பேருக்கு என்னைத் தெரிந்திருந்தால் கவுன்சிலர் ஆகியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் "பெட்ரோல் போடச் சொல்லியிருந்தேன்னு சொல்லு" என்றான் செல்லதுரை. "ஹவ், சொல்லியிருந்தார், நேத்து உங்க மூலமா. நீங்க மறந்துட்டீங்க" என்றாள் கல்யாணி என்னிடம். தபால் துறையின் மேல் முதல் புகார்.

அன்று நான் ஒரு சதி செய்தேன். சீட்டுகளைப் பிரிக்கும்போது, வருத்தம் தெரிவிப்பது, கேட்டுக்கொள்வது, நன்றி சொல்வது போன்ற பணிவான வாசகங்களாகப் பார்த்து ஐந்தை எடுத்து ஒரு கவரில் போட்டுச் செல்லதுரைக்கென்று தனியே வைத்தேன். எனக்குள் ஒரு பெரிய நாடகாசிரியன் விழித்துக்கொண்டதாக நினைப்பு.

ஞாயிறு, போலாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் பென்சில். ரங்கநாதன் சார் மைக்கில், "விருந்தினர் ஒரு புதுவகைத் தம்போலா சொல்லித்தரப் போகிறார்" என்று அறிமுகப்படுத்தினார். நான் தனியே வைத்திருந்த கவரைப் பார்த்தார். "இது என்ன தனியா?" என்று வாங்கி, தம்போலாக் காய்கள் போடும் பெரிய பித்தளைப் பானையில் கொட்டி, மற்ற சீட்டுகளோடு சேர்த்து ஆய்வகத்தில் மருந்து கலக்குகிற சிரத்தையோடு கலக்கினார். நாடகாசிரியன் அங்கேயே காலமானான்.

ஆளுக்கு ஐந்து சீட்டு போயிற்று. மாதிரிக்கு நான் ஒன்றை உரக்கப் படித்தேன்: "சில்லறை கொடுத்து உதவவும்."

முன்வரிசை அம்மாள் தன் ஐந்து சீட்டையும் பார்த்துவிட்டு, "என்கிட்ட இல்ல. அடுத்தது படிங்க" என்றார்.

அடுத்ததைப் படித்தேன். பின்வரிசையில் ஒருவர் பென்சிலால் அடித்துவிட்டார். ஒத்த வாசகம் இருந்ததோ என்னவோ. நான் விளக்குவதற்குள் இன்னொரு மூலையிலிருந்து, "ஜல்தி ஃபைவ்!" என்று ஒரு கூச்சல். தம்போலாவில் முதல் ஐந்து எண்ணை அடித்தவர் போடுகிற கூச்சல் அது. ஒரு பெண்மணி பரிசு வாங்க மேடைக்கே வந்துவிட்டார். நாற்பது வருடப் பழக்கத்தின் முன்னால் என் கற்பனை வகுப்பு என்ன செய்யும்?

கல்யாணி மைக்கை வாங்கினாள். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, அவள் ஊர் இந்தியில் ஒரு தடவை விளக்கினாள். சொந்த வார்த்தை கிடையாது, ஐந்து சீட்டையும் பொருத்தமாக இறக்கிவிட்டால் அதுதான் ஜல்தி ஃபைவ். சபை தலையாட்டியது. "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்று ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார்.

முதல் ஜோடி, வாடகை வீடு தேடும் இரண்டு இளைஞர்கள்.

"வீடு வாடகைக்கு, சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்று போட்டான் ஒருவன்.

"எல்லா நாளும் மட்டன் கிடைக்கும்" என்றான் மற்றவன்.

"அனுமதியின்றி உள்ளே நுழையாதீர்!"

"இங்கே நிறுத்தினால் டயர் காற்று பிடுங்கப்படும்!"

மண்டபம் சிரித்ததில் கீழே கல்யாண வீட்டுக்காரர்கள் மேலே ஏறி வந்து பார்த்தார்கள். அதன்பின் என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. மாமியாரும் மருமகளும், பல் டாக்டரும் பேஷண்டும், தண்ணீர் லாரிக்காரரும் காலிக் குடமும் என்று ஒவ்வொரு ஜோடியும் ஒரு கதை கட்டினார்கள். யாரோ எதற்கோ எழுதிய வாசகம், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பேசியது.

"அடுத்து, செயலாளரும் அவர் கணவரும்" என்றார் ரங்கநாதன் சார். இவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியாது. சபைக்கு எல்லாம் தெரியும். பென்சில்கள் நின்றன.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவே மேஜை. வீட்டில் இருந்த அதே தூரம். வித்தியாசம், இங்கே தபால்காரனுக்கு இடமில்லை.

செல்லதுரை கையைப் பார்த்தான், ஒன்றை வைத்தான். "பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்."

யாரோ சிரித்தார்கள். கல்யாணி சிரிக்கவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது."

"நிறைகளைப் பிறரிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள்."

"காத்திருக்கவும், உங்கள் முறை வரும்." இதை வைக்கும்போது அவள் குரல் கொஞ்சம் ஏறியது. பிறகு, அவன் போடும்வரை காத்திராமலே இன்னொன்றையும் வைத்தாள்.

"எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. செல்லதுரை அந்தச் சீட்டைப் பார்த்தான். அந்த பேக்கரியை அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் அவனைக் கூட்டிப்போன முதல் கடை அது என்று எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். கையில் மிச்சம் இருந்ததைப் புரட்டினான். "இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல." அதைக் கீழே வைத்தான். "முழங்கை மூட்டு வலியா? அணுகவும்." அதையும் வைத்தான். கடைசிச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பியே காட்டவில்லை.

"கல்யாணி, நான் ஒன்னைய ஒரு வார்த்த கேட்டுருக்கணும்லா. கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல, அதாம் தப்பு."

"ஃபவுல்!" ரங்கநாதன் சார் எழுந்தேவிட்டார். "சொந்த வார்த்தை! ஃபவுல்!"

"இருங்க சார்" என்று முன்வரிசை அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

கல்யாணி தன் கையில் இருந்த இரண்டு சீட்டையும் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். பன்னிரண்டு நாளில் முதல்முறையாக நேரே அவனைப் பார்த்துப் பேசினாள்: "இதச் சொல்ல இவ்ளோ நாளா? கைக்கு? இத்தன பேர் முன்னாடிதான் வாயி வருமா உங்களுக்கு?"

"அவளும் ஃபவுல்" என்றார் ரங்கநாதன் சார், மெதுவாக.

பரிசு "ஜல்தி ஃபைவ்" கத்திய பெண்மணிக்கே போயிற்று. வேறு யாரும் ஐந்து சீட்டையும் இறக்கவில்லை. அவரும் இறக்கவில்லைதான். ஆனால் அவர் மேடையை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை தோசைக்கு உட்கார்ந்தோம். வெறும் தோசை, உள்ளே உப்புமா இல்லை. சோதித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். செல்லதுரை சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டான். வழக்கமாக ஆபீஸ் பேச்சென்றால் பால்கனிக்குப் போய்விடுவான். இன்று மேஜையிலேயே பேசினான். "சார், இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாது. ... இல்ல சார், சம்பளம் பிரச்சனை இல்ல. வீட்டுல இன்னும் கேக்கல. கேட்டுட்டுச் சொல்லுதேன்." எதிர்முனை ஏதோ கோபமாகச் சொன்னது. "போனாப் போகுது சார்" என்றான். வைத்துவிட்டான்.

கல்யாணி அவன் தட்டில் ஒரு தோசை போட்டாள். "இப்ப கேளுங்க" என்றாள்.

கேட்டான். அதிலிருந்து ஆரம்பித்தது.

நான் எதிர்பார்த்தது, கண்கள் கலங்கிக் கைகள் கோத்துக்கொள்ளும் ஒரு விளம்பரக் காட்சி. நடந்தது, சண்டை. பன்னிரண்டு நாள் பாக்கி. பள்ளி வேலை என்ன ஆகும், வாடகை எவ்வளவு, கோவில்பட்டி அத்தைகள் ஏன் சிரித்தார்கள், அவன் ஏன் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தான், அவள் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு யார் நிற்பார்கள், இங்கேயே வேறு வேலை தேடினால் என்ன. நான் இரண்டு முறை இடையே புகுந்து "என்ன சொல்ல வர்றான்னா" என்று தொடங்கினேன். யாருக்கும் காதில் விழவில்லை. என் வேலை போய்விட்டது.

மத்தியான ரயிலுக்கு அவர்களே காரில் கூட்டிப் போனார்கள். கிளம்பும் சமயம் ரங்கநாதன் சார் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் பார்சல். "போறதா இல்லையான்னு தெரியாத ஆளுக்கு இதக் கொடுக்க முடியாது. கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டேங்குறான். விருந்தினருக்கு மன்றத்தின் அன்பளிப்பு" என்று மெரூன் கலர் சுவர்க் கடிகாரத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

முன்சீட்டில் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். "அடுத்த வருஷம் வரைக்கும் தள்ளிப் போட முடியாதா?" "நீ ஒரு தடவ வந்து அந்த ஊரப் பாரேன்." "பாக்குறேன், ஆனா முடிவு பண்ண மாட்டேன்." "நீ முடிவு பண்ணாட்டி யாரு பண்ணுவா?" பேச்சு மும்முரத்தில் ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடத்தில் செல்லதுரை நேரே போனான். சொன்னேன். மேம்பாலத்தில் ஏறினான். மறுபடி சொன்னேன். கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டிருந்தார்கள். என் ரயில் கிளம்பும் நேரத்தை என் மடியிலேயே பார்த்தேன்.

பிளாட்பாரத்தை அடைந்தபோது கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது.

"அய்யய்யோ அண்ணா!" என்றாள் கல்யாணி. "நாளைக்குப் போலாம்ல" என்றான் செல்லதுரை. இரண்டே நொடி எனக்காக வருத்தப்பட்டார்கள். காரைத் திருப்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அல்வால் திருப்பம் வரும்வரை பொறுத்துப் பார்த்தேன். ஒரே விஷயத்தையே இருவரும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. "நான் வேணும்னா நடுவுல ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன்.

"நீ சும்மா கெடல!"

"நீங்க சும்மா இருங்க அண்ணா!"

நான் வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஆங்கிலத்தில், போதுமான இடைவெளி விடவும் என்று எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டு, கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.